தேவாலா, பந்தலூர் பழைய தங்கக் குழிகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நாடுகாணி

நீலகிரியில கூடலூர் பக்கம், வெள்ளைக்காரங்க காலத்துல தங்கத்துக்குத் தோண்டி அப்படியே விட்டுப்போன குழிகள் தேயிலைக்கு நடுவுல இன்னும் கிடக்கு. நேரா விஷயத்துக்கு வர்றேன். அம்மா கொழுந்து எடுக்கிற மலை. ஆடி மழை விடாம அடிச்சு ஓஞ்ச மறுநாள். அன்னைக்கு ஸ்கூல் லீவு, நான் சாக்குத் தூக்கப் போயிருந்தேன். நிரையில கடைசி ஆளா அம்மா நின்னாங்க. ஒரு அடி எடுத்து வெச்சாங்க, மண்ணு அப்படியே உள்ள போயிருச்சு. இடுப்பு வரைக்கும் இறங்கிட்டாங்க. முதுகுல கட்டியிருந்த கொழுந்துச் சாக்கு ரெண்டு தேயிலைச் செடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அதுதான் தாங்குச்சு, வேற ஒண்ணும் இல்லை.

நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டாங்க. ஓட்டை ஒரு ஆள் நுழையிற அளவுதான். நான் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். சத்தமே வரலை. "அடியே இல்லை போல"ன்னு யாரோ சொல்லி முடிக்கிறப்போ, ரொம்பக் கீழ தண்ணியில விழுந்த சத்தம். அம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "இத்தனை வருஷமா இது மேலயாடா நடந்துட்டிருந்தேன்"னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடலை. தேயிலை நட்டப்போ கீழ குழி இருந்தது ஒருத்தருக்கும் தெரியாதா? தெரிஞ்சவங்க, பார்த்தவங்க எழுதுங்க.

உப்பட்டி

எங்க பக்கம் இருக்கிறது நேர்க்குழி இல்லை, மலைச்சரிவுல படுக்கையா உள்ள போற குகை. வாயில முழுக்கப் புதர். பத்தாவது படிக்கிறப்போ கூட்டாளிங்களோட போனேன். முழங்கால் வரைக்கும் தண்ணி, தலைக்கு மேல வௌவால், இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். எனக்கு மறக்காதது சுவர். வலது பக்கம் தோள் உயரத்துக்கு வரிசையா சின்னச் சின்ன மாடம் குடைஞ்சிருந்தாங்க. ஒவ்வொரு மாடத்துலயும் மேல்பக்கம் கரி. மெழுகுவர்த்தி வெச்ச இடம். விரலால தொட்டேன், விரல்ல கரி ஒட்டுச்சு. நூறு வருஷத்துக்கு மேல அந்தக் கரியை யாரும் தொடலை.

கடைசிச் சுவர் இன்னும் விசேஷம். வெடி வைக்கத் துளை அடிக்க ஆரம்பிச்சு, ஒரு சாண்கூடப் போகாம அப்படியே நிக்குது. கூலி ஆள் ஒருத்தர் உளியைப் பிடிச்சிருக்கார், இன்னொருத்தர் சுத்தியல் அடிச்சிருக்கார், யாரோ வந்து "போதும், நிறுத்து"ன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அந்த வாரக் கூலி கிடைச்சுதான்னு அன்னைக்கே தோணுச்சு.

ஊர்ல அதை ஆல்பா கம்பெனிக் குகைன்னு சொல்வாங்க. 1880-ல லண்டன்காரங்க தங்கத்துக்குப் பறந்தடிச்சு வந்தப்போ முதல்ல தொடங்கின கம்பெனி அதுதான்.

பழைய ஏடுகள்

உப்பட்டி நண்பருக்கு: ஆல்பா கம்பெனி 1880-இல் வந்தது அல்ல. அது 1874-வாக்கில் இங்குள்ள தோட்டக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு முயற்சி. அதன் வேலையைப் பார்க்கத்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்தார். 1875-இல் அவர் கொடுத்த சராசரி, டன் கல்லுக்கு ஏழு பென்னிவெயிட். நம் கணக்கில் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பவுனுக்கு மேல். லண்டன் பணம் கொட்டியது அதற்குப் பிறகு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் யார் பேரில் தப்பு என்பதே குழம்பிப்போகும்.

நடந்தது இதுதான். 1870-களில் வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் தண்டுத் துளைப்பானாலும் இலை நோயாலும் படுத்துக்கொண்டிருந்தன. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்கள் நிலத்தை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதி, 1877-இல்தான் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1879-இல் இந்திய அரசு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மித்தை வரவழைத்தது. அவர் அறிக்கை நம்பிக்கையாக இருந்தது. உடனே லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி. மொத்தம் 41 கம்பெனிகள், ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம். அதில் மைசூர்ப் பக்கம் போனவை ஆறுதான், மற்றவை எல்லாம் இங்கே. காப்பி செத்துக்கொண்டிருந்த நிலம் தங்க விலைக்குக் கைமாறியது. பங்கு வாங்கியவர்கள் போட்ட பணத்தில் பெரும் பகுதி, நிலம் விற்றவனுக்கும் கம்பெனி கிளப்பிய தரகனுக்கும் போயிற்று. கல் உடைக்கக் கையில் மிஞ்சியது கொஞ்சம்.

இயந்திரம் வந்து உண்மையில் கல்லை இடித்துப் பார்த்தபோது கிடைத்தது டன்னுக்கு அரைப் பவுன் அளவு. சில இடத்தில் அதுவும் இல்லை. 1882 முடிவதற்குள் ஆரவாரம் அடங்கிவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த சில கம்பெனிகள் இன்னும் சில வருடம் இழுத்தன, அவ்வளவே.

என் அனுபவம் சிறியது. 1908-இல் வந்த நீலகிரி மாவட்ட கெசட்டியரில், அந்த இரண்டு மூன்று வருடத்தில் பந்தலூர் எப்படி இருந்தது என்று ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார். குன்றுக்குக் குன்று பங்களா, தந்தி ஆபீஸ், குதிரைப் பந்தய மைதானம். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு பந்தலூர் போனேன். கடைவீதியில் ஒரு பெரியவரிடம் பந்தய மைதானம் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல சமமா நாலு சென்ட் இடம் காட்டுங்க, நான் பந்தயம் விட்டுக் காட்டுறேன்" என்றார். ஒரு நகரமே எழும்பி, அடுத்த தலைமுறைக்குப் பேர்கூடச் சொல்லாமல் போயிருக்கிறது. அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

கொழுந்துக்காரி மகள்

எல்லாரும் வெள்ளைக்காரங்க கதையையே பேசுறீங்க. இந்தக் குழியில இறங்கினவங்க அவங்களோட முடிஞ்சு போகலை. எங்க அப்பாவும் இறங்கினார்.

ராத்திரியில போவாங்க, நாலஞ்சு பேர். விடியறதுக்கு முன்னாடி சாக்குல கல்லோட வருவார். வெங்கச்சாங்கல், அதுலயும் துருப்பிடிச்ச மாதிரி செம்பழுப்பு ஓடுற கல்லைத்தான் எடுப்பார். அம்மா அதை வீட்டுக்குப் பின்னாடி இடிப்பாங்க. மாவா ஆனதும் தண்ணியில அலசி, அடியில நிக்கிற கருமண்ணுல பாதரசம் ஊத்திக் கையால பிசைவார். அப்புறம் பழைய வேட்டித் துணியில கட்டி முறுக்குவார். பாதரசம் துணிக்கு வெளியே முத்து முத்தா விழும், அதை மறுபடி புட்டியில பிடிச்சு வெச்சுப்பார். துணிக்குள்ள சாம்பல் நிறத்துல ஒரு உருண்டை நிக்கும்.

ஒரு நாள் மழை, வெளியில அடுப்பு மூட்ட முடியலை. வீட்டுக்குள்ளயே இரும்புக் கரண்டியில அந்த உருண்டையை வெச்சு அடுப்புல காட்டினார். நான் பக்கத்துல குந்தி உட்கார்ந்து பார்த்துட்டிருந்தேன். புகைன்னு பெருசா ஒண்ணும் இல்லை. சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து, திடீர்னு மஞ்சளாச்சு. மிளகுல பாதி. அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்லை, பின்னாடியும் பார்த்ததில்லை. அம்மா ஓடி வந்து என் கையைப் பிடிச்சு வெளிய மழையில இழுத்துட்டுப் போனாங்க. ஏன்னு அப்போ புரியலை.

அடுத்த மழைக்காலத்துல அப்பா இறங்கின குழி சரிஞ்சுது. கூட இருந்தவங்க அவரை எடுத்துட்டாங்க, கால் போச்சு. ஆஸ்பத்திரியில "மரத்துல இருந்து விழுந்தார்"னு சொன்னோம்.

மழைக்காடு

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. நான் ஒரு குழியின் வாயில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி, உள்ளே இறங்கியதில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் பையன்கள் யாராவது "ஒரு தடவை போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது காற்று. இந்தக் கல்லில் தங்கத்தோடு இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கிறது, பைரைட் என்பார்கள். ஈரமும் காற்றும் பட்டால் அது துருவேறும். துருவேறும்போது குழிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, கண் எரியாது, மூச்சு முட்டுகிற எச்சரிக்கைகூடச் சரியாக வராது. ஆள் பேசிக்கொண்டே இருக்கும்போது மடங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே விழுவார். மெழுகுவர்த்தி எரிகிறது, அதனால் பயமில்லை என்பது போதாது. ஆளின் நிதானம் தப்பத் தொடங்குவதும் சுடர் அணைவதும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில்தான், பார்த்துத் திரும்ப நேரம் இருக்காது.

இரண்டாவது கூரை. நம் பக்கத்து மேல்மண் செம்மண்ணும் மக்கிய பாறையும். தண்ணீர் ஊறினால் அதன் எடை கூடும், பிடிப்பு குறையும். அன்றைக்கு முட்டுக்கொடுத்த மரம் எதுவும் இன்றைக்கு இல்லை, மக்கிப் போயிற்று. மழை பெய்யும்போது மட்டுமல்ல, மழை விட்ட பிறகும் சரியலாம். நாடுகாணி நண்பரின் அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

மூன்றாவது பாதரசம். கையில் பட்டதைவிட, காய்ச்சும்போது மூச்சில் போவதுதான் விஷம். பூட்டிய வீட்டுக்குள் காய்ச்சினால் சுவரிலும் கூரையிலும் படிந்து நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கை நடுக்கம், ஞாபக மறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அதிகம் தாக்கும். அலசிய தண்ணீர் ஓடையில் போனால் மீனில் ஏறும்.

நான்காவது சட்டம். 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டினால் சிறை. வனநிலம் என்றால் அந்த வழக்கு தனி. பிடிபடுபவர் எப்போதும் கல் சுமந்தவர்தான், பாதரசம் கொடுத்து மிளகளவு தங்கத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் பிடிபடுவதில்லை. தயவுசெய்து அப்பாக்கள், அண்ணன்கள் யாரும் போகாதபடி வீட்டில் பேசுங்கள்.

கொழுந்துக்காரி மகள்

அண்ணா, நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாததில்லை. காத்து இருக்கான்னு பார்க்கத் தழைக் கொத்தைக் கயித்துல கட்டி மேலயும் கீழயும் ஆட்டிட்டுத்தான் இறங்குவாங்க. எந்தக் கூரை நிக்கும், எது நிக்காதுன்னு தட்டிப் பார்த்தே சொல்வார். அந்த வருஷம் பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை, எங்க அரை ஏக்கர் கொழுந்து பறிச்ச கூலிக்குக்கூடக் கட்டலை. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தாங்க. வீட்ல பேசுங்கன்னு சொல்றீங்க. வீட்ல பேசித்தான் போனார்.

சேம்பியன் ரீஃப்

நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர், அப்பா அங்கே தங்கக் கல் இடிக்கிற மில்லுல வேலை செஞ்சவர். எங்க சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினதோட ஊரே முடிஞ்சிடுச்சு. பந்தலூர்ப் பக்கம் சம்பந்தி வீடு இருக்கு, அங்கே போனப்போ பார்த்ததை எழுதறேன்.

வீட்டுக்குப் பின்னால துணி துவைக்கிற இடத்துல, கல்லுக்குப் பதிலா ஒரு இரும்புக் கட்டை. உருளை வடிவம், ஒரு முனை சிறுத்து நீண்டிருக்கு. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கல் இடிக்கிற ஸ்டாம்ப் மில்லோட காலணி. உலக்கைக்குப் பூண் போடற இடத்துல மாட்டற வார்ப்பிரும்பு அது. அச்சுல இருக்கிற கொம்பு (கேம்) சுத்தச் சுத்த உலக்கை ஏறி விழும், இந்தக் கட்டைதான் கல் மேல அடிக்கும். அதனால அதுதான் முதல்ல தேயும். சில மாசத்துல பாதியாத் தேய்ஞ்சு, முகம் கோணலாப் போயி, கழட்டி வீசிட்டு வேற மாட்டுவாங்க. அப்பா வேலை செஞ்ச இடத்துல தேய்ஞ்ச காலணி குவியலாக் கிடக்கும், அது மேலதான் நாங்க விளையாடுவோம்.

இதைப் புரட்டிப் பார்த்தேன். அடிக்கிற முகம் தட்டையா, விளிம்பு கூராக, வார்ப்புல வந்த கோடுகூட அழியாம அப்படியே இருக்கு. இங்கிலாந்துல வார்த்து, கப்பல்ல ஏத்தி, மலையேத்தி, மாட்டின கட்டை. தேயற அளவுக்குக்கூட அது கல்லை இடிக்கலை. சம்பந்தியம்மா "என்ன அப்படிப் பார்க்கறீங்க, சோப்பு நல்லா நுரைக்கும்"னு சொன்னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். கோலார்லயும் மைசூர்க் கம்பெனிக்கு 1883-வாக்குல இதே கதிதான். பணம் தீர்ந்து, மூடிடலாம்னு பங்குதாரர்கள் பேச ஆரம்பிச்சாச்சு. சுரங்கத்தை நடத்தின ஜான் டெய்லர் கம்பெனி மிச்சம் இருந்த காசைக் கடைசியா ஒரு தடவை போட்டுப் பார்த்தது. பிளம்மர்னு ஒரு சுரங்கக்காரர் பழங்காலத்துப் பள்ளங்களுக்குக் கீழ போனார், சேம்பியன் ரீஃப்ங்கிற தங்கப் பாறை ஓட்டம் வந்தது. அங்க இருந்து மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போனோம். தேவாலாக்காரங்களும் இன்னும் கொஞ்சம் பொறுத்து ஆழமாப் போயிருந்தா, கோலார் மாதிரி ஒரு ஊர் நீலகிரியிலயும் இருந்திருக்கும். அவசரப்பட்டு விட்டுட்டாங்க.

பழைய ஏடுகள்

ஐயா, அந்தக் காலணி பற்றி எழுதியது மனசில் நிற்கிறது. கம்பெனிகளின் வரவுசெலவுக் கணக்கைவிட அது தெளிவான சாட்சி. ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொறுமை இல்லாததால் தேவாலா கெடவில்லை. கோலாரில் மேலே தோண்டியதைவிடக் கீழே வளம் கூடியது. இங்கே நேர்மாறு. மேற்பரப்பில் பைரைட் மழையில் கரைந்து போயிருந்ததால் தங்கம் தனியாக நின்றது, பாதரசம் எளிதாகப் பிடித்தது. சாம்பிளுக்கு எடுத்த கல்லும் பெரும்பாலும் அந்த மேல்கல்தான். ஆழம் போகப்போகத் தங்கம் பைரைட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தது, பாதரசத் தகட்டின் மேல் ஓடிப் போய்விட்டது. அப்படிப்பட்ட கல்மாவிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை 1887-இல்தான் வந்தது. அதற்குள் இங்கே ஆரவாரம் எப்போதோ அடங்கியிருந்தது.

சயனைடு வந்த பிறகும் பார்த்தார்கள். 1901-இல் புவியியலாளர்கள் ஹெய்டனும் ஹாட்சும் வயநாட்டுத் தங்கத்தை மறுபடி ஆராய்ந்து, லாபம் வராது என்று எழுதிவிட்டார்கள். "இன்னும் ஆழமாகப் போயிருந்தால்" என்ற பேச்சைத்தான் தரகர்கள் இன்றும் நம் ஊர்ப் பையன்களிடம் சொல்லி இறக்குகிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சேரங்கோடு

1874, 1879, லண்டன், கோலார் என்று எல்லாம் வந்துவிட்டது. "தங்கத்தை முதலில் கண்டுபிடித்தது யார்" என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனிகளுக்கு எவ்வளவோ முன்பிருந்தே இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர்களும் பணியர்களும் இந்த ஓடைகளில் தங்கம் அலசியிருக்கிறார்கள், மலைச்சரிவுகளைக் குடைந்தும் இருக்கிறார்கள். 1830-களில் வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அவர்கள் பின்னால் போய்த்தான் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். அப்படி அலசியதில் பெரும் பகுதி நிலத்துக்குடையவருக்குப் போனது. அந்தக் கணக்கில் ஏமாந்தவர்களில் லண்டன் பங்குதாரர் கடைசியில்தான் வருகிறார்.

நான் பார்த்தது ஒரு பணியப் பாட்டியை. மழைக்காலம் முடிந்து ஓடை இறங்கிய நேரம், முழங்கால் தண்ணீரில் நின்றார். கையில் வாய் அகன்ற மரத்தட்டு, நடுவில் லேசாகக் குழிந்தது. பாறை இடுக்கில் கையை விட்டு மண்ணை அள்ளித் தட்டில் போட்டு, தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுழற்றினார். பெரிய கல்லை விரலால் தள்ளினார். சுழற்றச் சுழற்ற மண் வழிந்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி கருமணல். அங்கே வேகத்தைக் குறைத்தார். தட்டைத் தன் பக்கம் சாய்த்து, மணிக்கட்டை மட்டும் மெதுவாக ஒரு வெட்டு வெட்டினார். கருமணல் முன்னால் நகர்ந்தது, பின்னால் மூன்று மஞ்சள் புள்ளிகள் தங்கிவிட்டன. நான் குனிந்து பார்ப்பதற்குள் விரல் நுனியால் ஒற்றி எடுத்து, முந்தானையில் முடிந்திருந்த சின்னக் குப்பிக்குள் போட்டுவிட்டார்.

"எங்கே இருக்கும் என்று எப்படித் தெரியும் பாட்டி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஓடை வளைகிற இடத்தின் உள்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். தண்ணீர் வேகம் குறைந்து கனமானதை விட்டுப்போகும் இடம். அந்தக் கண்ணுக்கு இந்த மலையின் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நாடுகாணி

எல்லாத்தையும் படிச்சேன். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். சேம்பியன் ரீஃப் ஐயா எழுதினதைத்தான் ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாங்க.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்த ஓட்டையை அன்னைக்கு ரெண்டு டிராக்டர் மண்ணு கொட்டி மூடினாங்க. இந்த வருஷம் மழைக்கு மறுபடி கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருக்கு. பக்கத்துல யானை நடக்கிற பாதை வேற. என்ன செய்யறது?

சேம்பியன் ரீஃப்

மண்ணு மட்டும் கொட்டாதீங்க தம்பி. கீழ தண்ணி இருந்தா மண்ணு கரைஞ்சு பக்கத்துக் குடைவுக்குள்ள போயிரும், மேல மூடின மாதிரி தெரியும். முதல்ல வாயைச் சுத்தி இளகின மண்ணைப் பாறை தட்டற வரைக்கும் எடுக்கணும். அப்புறம் வாய்க்குள்ள சிக்கி நிக்கிற அளவு பெரிய பாறாங்கல், அதுக்கு மேல அதைவிடச் சின்னக் கல், அப்புறம் ஜல்லி, கடைசியா மண்ணு. மழைத்தண்ணி அந்தப் பக்கம் வராம மேட்டுல ஒரு வாய்க்கால் வெட்டி விடணும். குழி அகலம் தெரியாம யாரும் கிட்டப் போக வேண்டாம், ஜே.சி.பி.யும் ஓரத்துல நிக்கக் கூடாது. தாலுகா ஆபீஸ்லயும் வனத்துறையிலயும் எழுத்துல குடுங்க, சுரங்கத் துறை ஆளு வந்து பார்க்கணும்னு கேளுங்க. அதுவரைக்கும் சுத்தி முள்வேலி போட்டு, நிரையில அந்தப் பத்துச் செடியை விட்டுடச் சொல்லுங்க.